இரண்டாம் பிரதிவாதிக்கு ஒரு ஆள்

தோட்டத்தைப் பிரித்தாயிற்று. பனியன் கம்பெனியைப் பிரித்தாயிற்று. மங்கலத்து விசைத்தறிக் கொட்டகை, அப்பா ஓட்டிய பழைய ஜீப்பு, அம்மாவின் கம்மல்கள் எல்லாவற்றையும் பெரியவர் அர்த்தநாரியும் சின்னவர் சுப்பையனும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்; கம்பெனி பெரியவருக்கு, தறி சின்னவருக்கு. கோர்ட்டில் ரெண்டு வருசமாகப் பிரியாமல் நின்றது ஒன்றே ஒன்றுதான். நடுவில் பிறந்த செங்கோட்டையன்.

"அவன் எங்கூடத்தானுங்க இருப்பான்."

"சின்னண்ணன் எங்கூடத்தானுங்க இருப்பாரு" என்பார் சின்னவர்.

செங்கோட்டையனுக்கு முப்பத்தொன்பது வயசு. சின்னப் பிள்ளையில் வந்த மூளைக் காய்ச்சலில் பிழைத்ததே பெரிசு என்பார்கள். கணக்கு வராது, எழுத்து வராது, நாளைக்கு என்ன என்று யோசிக்க வராது. இப்படி ஒருத்தர் இருக்கிற ஊட்டில் "நீ வெச்சுக்க, நீ வெச்சுக்க" என்று தள்ளிவிடுவதைத்தான் ஊர் பார்த்திருக்கிறது. இந்த ஊட்டில் மட்டும் ஏன் இப்படி இழுபறி என்று கேட்டால், கைராசி.

ஏழெட்டு வருசம் முந்தி, அம்மா போன பிறகு ஊட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அர்த்தநாரி அவரைக் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போனார். புதுத் துணி ரோல் ஒன்று வந்து இறங்கியது. செங்கோட்டையன் போய் அதைத் தட்டிக் கொடுத்தார். அந்தச் சரக்கு கப்பல் ஏறியது, அடுத்த மாசமே மூணு மடங்கு ஆர்டர் வந்தது. அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்த லாட் துணி வந்தாலும் முதல் ரோலில் செங்கோட்டையன் கை வைக்காமல் கத்திரி விழாது. சுப்பையனும் சும்மா இருக்கவில்லை. மங்கலத்தில் பன்னிரண்டு தறிக்கும் முதல் சுவிட்சை சின்னண்ணன் கைதான் போட்டது. காலையில் ஒரு கார், மத்தியானம் ஒரு கார். பட்டுக்கரை வேட்டி, நெற்றியில் சந்தனம். செங்கோட்டையனை ஏற்றிக்கொண்டு போவார்கள், கை வைப்பார், ஏற்றிக்கொண்டு வருவார்கள்.

கோர்ட்டில் ஜட்ஜுக்குத் தலை சுற்றியது. அவர் தெற்கத்திக்காரர், திருப்பூருக்கு வந்து ஆறு மாசம்தான் ஆகியிருந்தது.

"இரண்டாம் பிரதிவாதி செங்கோட்டையன் சார்பா பேச ஒரு ஆள் வேணும். ரெண்டு பேருக்கும் சொந்தக்காரரா இருக்கக் கூடாது. ரெண்டு பேர்கிட்டயும் சம்பளம் வாங்கக் கூடாது. பேர் சொல்லுங்க."

"பழனிமுத்துன்னு ஒருத்தருங்க ஐயா. பெரிய மனுசர்" என்றார் அண்ணன் வக்கீல்.

"அவரு பெரியவரோட மாமனாருக்குப் பங்காளிங்க" என்றார் தம்பி வக்கீல்.

"ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருத்தர்..."

"அவரு பையன் சின்னவர் தறியில மேனேஜருங்க."

"டாக்டர்?"

"அவரு ஆஸ்பத்திரிக்கு இடம் குடுத்ததே பெரியவருங்க."

"கோயில் தர்மகர்த்தா?"

"சகலைங்க ஐயா."

"யாருக்கு?"

"ரெண்டு பேருக்குமேங்க."

ஜட்ஜ் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். "இந்த ஊர்ல உங்களுக்குச் சொந்தமில்லாத மனுஷங்களே கிடையாதா?"

அந்த நேரம் பார்த்துத்தான் மருதாள் உள்ளே வந்தாள். கோர்ட்டுக்கு எதிரே தகர ஷெட்டில் இருபது வருசமாக டைப்பு அடிக்கிறவள். நாற்பத்தேழு வயசு, குன்னத்தூர்ப் பக்கம். வேறு ஏதோ வழக்கில் தப்பாகிப்போன மனுவைத் திருத்தி அடித்துக் கொண்டுவந்து, வக்கீலிடம் நீட்டிவிட்டுத் திரும்பினாள்.

"ஏம்மா, நில்லுங்க" என்றார் ஜட்ஜ். அண்ணன் தம்பியைப் பார்த்து, "இவங்க உங்களுக்குச் சொந்தமா?"

"ஐயையோ, இல்லீங்க!"

ரெண்டு பேரும் ஒரே குரலில், ஒரே மூச்சில். ரெண்டு வருசத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே வார்த்தை அதுதான். மருதாளின் ஆட்களும் அவர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்ததே கிடையாது, சொந்தம் எங்கிருந்து வரும்? அந்த "ஐயையோ" கோர்ட்டுக் கூரையில் முட்டித் திரும்பி வந்தது. வக்கீல்கள் பைலைப் பார்த்தார்கள். மருதாள் தன் கை விரலில் இருந்த கார்பன் கறையைப் பார்த்தாள்.

ஜட்ஜும் அதைக் கேட்டார், புரிந்துகொண்டார். "அப்ப ரொம்ப நல்லது. நீங்க இவங்ககிட்ட வேலை பாத்ததுண்டா?"

"ரெண்டு தரப்புக்கும் டைப்பு அடிச்சிருக்கறனுங்க ஐயா. ரெண்டு தரப்பையும் திட்டியிருக்கறனுங்க."

"எதுக்கு?"

"அடிச்ச பொறகு மாத்தறதுக்குங்க."

ஜட்ஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இந்த வழக்குல இரண்டாம் பிரதிவாதிக்கு நீங்கதான் கார்டியன். ஒரு மாசம் டைம். அவர் எங்க இருந்தா நல்லதுன்னு உங்களுக்குத் தோணறதை நான் கேக்கலை. அவருக்கு என்ன வேணும்னு தோணுதோ, அதைக் கண்டுபிடிச்சு அவருக்காக வந்து பேசணும்."

"அவருக்கு அப்படித் தோணுமாங்க ஐயா?" என்று அண்ணன் வக்கீல் மெதுவாக இழுத்தார்.

"அதையும் அந்தம்மாவே பாத்துட்டு வந்து சொல்லட்டும்."

'இரண்டாம் பிரதிவாதி புத்தி சுவாதீனம் இல்லாதவர்' என்று இந்த வழக்கிலேயே முப்பது தடவை மருதாள் அடித்திருந்தாள். அவர் முகத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

* * *

முதலில் அர்த்தநாரி ஊட்டுக்குப் போனாள். ஹாலில் செங்கோட்டையன் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம், நரைத்த மீசை. ரெண்டு கையையும் அக்குளுக்குள் சொருகிக்கொண்டு, குளிர்கிறவர் மாதிரி.

"வாங்க அம்மிணி. வெசனமே படாதீங்க, சோலி அஞ்சு நிமிசத்துல முடிஞ்சுரும்" என்ற அர்த்தநாரி ஒரு டேப் ரிக்கார்டரைத் தூக்கி வந்து டீப்பாய் மேல் வைத்தார். "ஆதாரம் இருக்குதுங்க."

கேசட் கரகரத்தது. 'செங்கோட்டா, உனக்கு எங்க இருக்கோணும்? தம்பி ஊட்டுலயா, அண்ணன் ஊட்டுலயா?' 'அண்ணன் ஊட்டுல.'

"கேட்டீங்களா? அவன் வாயாலயே சொல்லிட்டான்."

"சித்தெ இருங்க" என்று மருதாள் செங்கோட்டையன் பக்கம் திரும்பினாள். "ஏனுங்கண்ணா, உங்களுக்கு எங்க இருக்கோணும்? அண்ணன் ஊட்டுலயா, தம்பி ஊட்டுலயா?"

"தம்பி ஊட்டுல."

அர்த்தநாரி நிமிர்ந்தார். "டேய்!"

"இருங்க மொதலாளி. ஏனுங்கண்ணா, தம்பி ஊட்டுலயா, அண்ணன் ஊட்டுலயா?"

"அண்ணன் ஊட்டுல."

"சென்னைக்குப் போலாமுங்களா?"

"ஆமாங்க."

"போக வேண்டாமுங்களா?"

"ஆமாங்க."

"உங்களை அமராவதி ஆத்துல தள்ளி உட்டறட்டுமா?"

"ஆமாங்க" என்றார் செங்கோட்டையன், வெகு மரியாதையாக.

மருதாள் கேசட்டை எடுத்து அர்த்தநாரி கையில் கொடுத்தாள். "இதுல பாட்டு ஏதாச்சும் புடிச்சுக்கங்க."

அர்த்தநாரியின் சம்சாரம் ரங்காத்தாள் காபி கொண்டுவந்தாள். எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர். மருதாளுக்கு மட்டும் பின்னாடி இருந்து தேடி எடுத்த கண்ணாடி கிளாஸ். மருதாள் பாதி குடித்துக் கீழே வைத்தாள். செங்கோட்டையன் அக்குளில் இருந்து ஒரு கையை உருவி, அந்த கிளாஸை எடுத்து, மிச்சக் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டார்.

"ஐயோ, அதைக் குடிக்காதீங்க கொழுந்தனாரே!"

"ஆமாங்க" என்று கிளாஸைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் பார்த்துக்கொண்டார்.

ரங்காத்தாளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மருதாளுக்கு அந்த நிமிசமே செங்கோட்டையனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போவது வேறு, புரிந்துகொள்வது வேறு என்று அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது.

மறுநாள் மங்கலம். அங்கேயும் ஒரு டேப் ரிக்கார்டர், அங்கேயும் ஒரு கேசட். 'அண்ணன் ஊட்டுலயா, தம்பி ஊட்டுலயா?' 'தம்பி ஊட்டுல.' பன்னிரண்டு தறியும் டக்கு டக்கு என்று அடிக்கிற சத்தத்தில் சுப்பையன் கத்திக் கத்திப் பேசினார். பஞ்சு பறந்து மருதாளின் மூக்கில் ஏறியது.

"சின்னண்ணனுக்கு இந்தச் சத்தமுன்னா உசுரு!"

"என்னுங்க?"

"உசுருன்னேன்!"

செங்கோட்டையன் ஒரு மூலையில், அதே மாதிரி, அக்குளில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்து மருதாள் டைப்ரைட்டரில் பேப்பரைச் சொருகினாள். அவளுக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. 'மூத்த சகோதரரின் இல்லம் அமைதியானது, காற்றோட்டமானது, உணவு உயர்தரமானது. ஆகவே இரண்டாம் பிரதிவாதி அங்கே வசிப்பதே உகந்தது' என்று அடித்தாள். வழக்கம்போலத் தப்பு இருக்கிறதா என்று வாய்விட்டு ஒரு தடவை படித்தாள். படிக்கப் படிக்கக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"ஏன்டி மருதா, காத்து ஆருக்கு வேணும்? தகரத்துக்கு அடியில வேகற உனக்கா, அவருக்கா?"

பக்கத்து ஷெட்டில் முத்திரைத்தாள் விற்கிறவர் எட்டிப் பார்த்தார். "ஆருகிட்டக்கா பேசறீங்க?"

"கார்டியன்கிட்ட" என்று பேப்பரை உருவி நாலாகக் கிழித்தாள்.

* * *

கேட்டால் அவரிடம் ஒன்றும் கிடைக்காது, கூடவே இருந்து பார்க்க வேண்டியதுதான். காலையில் கோர்ட்டுக்கு முந்தி, மத்தியானம் சாப்பாட்டு நேரம் என்று மருதாள் அண்ணன் ஊட்டுக்கும் கம்பெனிக்கும் போய் உட்கார்ந்தாள். அவர் கையை எப்போது வெளியே எடுக்கிறார் என்று மட்டும் பார்த்தாள். சாப்பிட எடுத்தார். ரோலில் வைக்கச் சொன்னால் வைத்துவிட்டு, சுட்டுக்கொண்ட மாதிரி திரும்ப அக்குளுக்குள். வேறு எதற்கும் இல்லை. ஒரு நாள் அறுந்த நூலைப் பொறுக்கக் குனிந்தவரைக் கம்பெனி மேனேஜர் பிடித்து நிறுத்தினார். "ராசிக் கைங்க. வேலை செய்யக் கூடாது."

அஞ்சாம் நாள் ரங்காத்தாள் போகிற போக்கில் ஒன்றைச் சொன்னாள்.

"பத்து மணியானா ஓடிப்போயிருவாருங்க. வாரத்துல மூணு நாளாச்சும் நடக்கும். ஆளுகளை உட்டுச் சாயந்தரம் புடிச்சுட்டு வருவோம்."

"எங்கீங்க போறாரு?"

"ஆரு கண்டா? பழைய ஊட்டு வாசல்ல உக்காந்திருப்பாரு. அங்கிருந்து கார்ல ஏத்திட்டு வந்துருவாங்க."

"பத்து மணிக்குப் போறவரு சாயந்தரம் வரைக்கும் வாசல்லயே உக்காந்திருப்பாரா?"

ரங்காத்தாள் யோசித்தாள். "அதைக் கேக்கலீங்களே நாங்க."

மறுநாள் கோர்ட்டு லீவு. பத்தடிக்க அஞ்சு நிமிசம் இருக்கும்போது செங்கோட்டையன் பின்வாசல் வழியாக இறங்கினார். மருதாள் பின்னாலேயே போனாள். மனுசர் நடையா அது, ஓட்டம். சாயப்பட்டறைச் சாக்கடை அன்றைக்கு ஊதாவாக ஓடிக்கொண்டிருந்தது. அதை ஒரே தாண்டாகத் தாண்டினார். மருதாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். மூன்று சந்து, ஒரு முட்டுச் சந்து, அதன் கடைசியில் ஒரு வேஸ்ட் குடோன்.

பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சுகிற துண்டுத் துணியெல்லாம் அங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். நிறம் வாரியாகப் பிரித்துக் கட்டி, மெஷின் துடைக்கவும் திரும்ப நூலாக்கவும் அனுப்புவார்கள். ஆறு பொம்பளைகள் துணி மலைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். செங்கோட்டையன் பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டினார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், தனக்கென்று கிடந்த சாக்கில் உட்கார்ந்தார்.

ரெண்டு கையும் வெளியே வந்தன.

அதற்கப்புறம் அந்தக் கைகள் நிற்கவே இல்லை. அவருக்கு முன்னால் வெள்ளைத் துண்டுகள் மட்டும். மருதாள் கண்ணுக்கு எல்லாம் வெள்ளைதான். அவரோ ஏழு குவியலாகப் போட்டார். பால் வெள்ளை, நீலம் ஓடின வெள்ளை, சலவை வெள்ளை, மஞ்சள் தட்டின வெள்ளை, அப்புறம் பேரே இல்லாத மூணு வெள்ளை.

"ஆருங்க நீங்க? அவரைப் புடிச்சுட்டுப் போக வந்தீங்களா?" என்று ஒருத்தி எழுந்து வந்தாள். வேலாத்தாள், குடோனை வாடகைக்கு எடுத்து நடத்துகிறவள்.

"இல்லீங்க, கோர்ட்டுல இருந்து வரேன்."

"ஐயோ சாமி! நாங்க கூப்புடலீங்க. அஞ்சாறு வருசமா அவராத்தான் வராரு. எல்லாருக்கும் குடுக்கற கூலி அவருக்கும் குடுத்தர்றேன். அதுல பன்னு வாங்கி எங்களுக்கே குடுத்தர்றாரு, நான் என்ன பண்ண?"

"பயப்படாதீங்க. இங்க ஏதாச்சும் பேசுவாருங்களா?"

"பேசுவாரான்னா கேக்கறீங்க? வாயை மூடச் சொல்லுங்க முதல்ல. காத்தால இருந்து எங்களை வையறதே வேலை."

"அவரா?"

வேலாத்தாள் ஒரு துண்டை எடுத்து, வேண்டுமென்றே, தப்பான குவியலில் போட்டாள்.

"இல்லீங்க!" என்றார் செங்கோட்டையன்.

மருதாள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இல்லீங்க. இது அங்க. உனக்குக் கண்ணு இல்லீங்களா?"

"பாத்தீங்களா? திட்டறதுலயும் ஒரு 'ங்க' போட்டுத்தான் திட்டுவாரு" என்று வேலாத்தாள் சிரித்தாள். மற்ற பொம்பளைகளும் சிரித்தார்கள். செங்கோட்டையனும் சிரித்தார். முன்பல் ரெண்டு இல்லை என்பதே மருதாளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மருதாள் அவருக்கு எதிரே குந்தினாள். "அண்ணா, கார் வந்திருக்குது. போலாமுங்களா?"

"இல்லீங்க."

"போலாமா, இருக்கலாமா?"

"இருக்கலாம்."

"இருக்கலாமா, போலாமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பொம்பளைக்கு ஒரு தடவை சொன்னால் ஏறாதா என்கிற பார்வை. "கட்டு முடியலீங்க."

சாயந்தரம் அஞ்சு மணிக்கு அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அடுத்த சந்தில் அவர்கள் பிறந்த பழைய ஊடு. ரெண்டு ரூமும் ஒரு சமையல்கட்டும். அம்மா சாகும்வரை அவரும் அம்மாவும் அங்கேதான். இப்போது பெரிய பூட்டுத் தொங்கியது. விற்றுப் பாதியாக்கிக்கொள்ளலாம் என்று அண்ணனும் தம்பியும் வைத்திருந்தார்கள். செங்கோட்டையன் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்தார். கார் வந்தது. "ஏறுங்க" என்றான் டிரைவர். "ஆமாங்க" என்று ஏறினார். கை அக்குளுக்குள் போயிற்று.

மருதாள் அவசரப்படவில்லை. ஒரு பேப்பரைக் கிழித்த புத்தி இருந்தது. இன்னும் பத்து நாள் போனாள். ஒரு நாள் வேலாத்தாள் இல்லாதபோது போனாள், ஒரு நாள் பன்னு வாங்காத நாளாகப் பார்த்துப் போனாள். ரெண்டு நாளும் அவர் தன் சாக்கில்தான் இருந்தார். ஒரு நாள் வேறு குடோனுக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். "இல்லீங்க" என்று அவர் பழைய சந்துக்கே திரும்பி நடந்தார்.

* * *

"வேஸ்ட் பொறுக்கறதா? எங்க அண்ணனா?" கோர்ட்டிலேயே சுப்பையன் எழுந்துவிட்டார்.

"ஊருக்குள்ள நான் தலை காட்ட வேண்டாமுங்களா ஐயா?" என்றார் அர்த்தநாரி.

"இவர் புத்தி சுவாதீனமில்லாதவர். எது நல்லது, எது கெட்டதுன்னு தெரியாதுங்க ஐயா" என்றார் ஒரு வக்கீல். எந்த வக்கீல் என்றுகூட மருதாளுக்குக் குழம்பியது, ரெண்டு பேரும் இப்போது ஒரே கட்சியாக இருந்தார்கள்.

"அவருக்குச் சொத்துக் கணக்குத் தெரியாதுங்க ஐயா, ஒத்துக்கறேன்" என்றாள் மருதாள். "அதை வேற ஆராச்சும் பாத்துக்கட்டும். ஆனா காத்தால எந்திரிச்சு எங்க போகோணும், பொழுதோட எந்த ஊட்டுக்குத் திரும்போணும்னு அவருக்குத் தெரியுதுங்க. வாயால சொல்லத் தெரியலை, காலால சொல்லறாரு. அஞ்சாறு வருசமாச் சொல்லறாரு. நாம கார் வெச்சுப் புடிச்சுட்டு வந்துட்டிருக்கறோம்."

ஜட்ஜ் செங்கோட்டையனைப் பார்த்தார். "என்னய்யா, இந்தம்மா சொல்றது சரியா?"

"ஆமாங்க."

"தப்புதானே?"

"ஆமாங்க."

வக்கீல்கள் புன்னகைத்தார்கள். மருதாள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். "ஐயா, இங்க அவரு ஆமாங்கறதைத் தவிர ஒண்ணும் சொல்ல மாட்டாருங்க. உங்களைப் பாத்தா நாங்களே வேற சொல்ல மாட்டோம். அவருக்கு 'இல்லை' வர்ற எடத்துல வந்து கேளுங்க."

ஜட்ஜ் காலண்டரைப் பார்த்தார். "நாளைக்கு மூணு மணி. நேர்ல பாக்கறேன்."

மறுநாள் அந்த முட்டுச் சந்து அதுவரை பார்க்காத கூட்டத்தைப் பார்த்தது. ரெண்டு வக்கீல், ரெண்டு முதலாளி, வெள்ளைச் சீருடையும் சிவப்புப் பட்டையுமாக ஒரு டவாலி, பின்னால் ஜட்ஜ். வேலாத்தாள் பதறிப்போய் நாற்காலி தேடினாள். நாற்காலி கிடையாது.

"பரவாயில்லைம்மா" என்று ஜட்ஜ் கட்டி வைத்திருந்த ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"இல்லீங்க!"

எல்லாரும் திரும்பினார்கள். செங்கோட்டையன் சாக்கை விட்டு எழுந்து நேராக ஜட்ஜிடம் வந்தார்.

"இல்லீங்க. அது வெள்ளைக் கட்டு. அழுக்காயிரும். எந்திரிங்க."

டவாலிக்கு மூச்சு நின்றது. இருபத்தைந்து வருச சர்வீசில் ஜட்ஜ் வந்தால் ஊரே எந்திரிக்கிறதைத்தான் அவர் பார்த்திருந்தார். ஜட்ஜ் எந்திரித்தார். பேண்ட்டைத் தட்டிக்கொண்டார்.

"எங்க உக்காரட்டும்?"

செங்கோட்டையன் சுற்றிலும் பார்த்தார். கறுப்புத் துணி மூட்டை ஒன்றைக் காட்டினார். "அதுல."

ஜட்ஜ் அதில் போய் உட்கார்ந்தார். மருதாள் நோட்டைத் திறந்தாள். "ஐயா, குறிச்சுக்கட்டுமுங்களா?"

"நல்லாக் குறிங்க."

அர்த்தநாரி முன்னால் வந்தார். பொம்பளைகள், வக்கீல்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து, செல்லமாகக் கூப்பிட்டார். "செங்கோட்டா. வா கண்ணு. புது லாட் வந்திருக்குது. கார்ல போலாம்."

"இல்லீங்க."

"சின்னண்ணா, மங்கலத்துக்கு? புதுசா ரெண்டு தறி போட்டிருக்குது" என்றார் சுப்பையன்.

"இல்லீங்க. இன்னும் மூணு கட்டு இருக்குது."

சொல்லிவிட்டு உட்கார்ந்து கையை ஓட்டினார். அர்த்தநாரியின் முகத்தில் கோபம்தான் வரும் என்று மருதாள் நினைத்திருந்தாள். வரவில்லை.

"எங்கிட்ட ஒரு நாளும் இல்லைன்னு சொன்னதில்லீங்களே இவன்" என்றார், யாரிடம் என்றில்லாமல். "நான் இவன் சந்தோசமா இருக்கறான்னு நெனச்சனுங்க."

"அவரு கை எப்படி ஓடுதுன்னு பாத்தீங்களாண்ணா?" என்றார் சுப்பையன் மெல்ல. அண்ணனை அவர் "அண்ணா" என்று கூப்பிட்டு ரெண்டு வருசம் ஆகியிருந்தது.

மறுவாரம் உத்தரவு வந்தது. மருதாளே அடித்தாள். பழைய ஊடு செங்கோட்டையனுக்கே சேரும், விற்கக் கூடாது. சாப்பாடும் செலவும் அண்ணன் தம்பி பொறுப்பு. பகலில் அவர் விருப்பப்படி குடோனுக்குப் போகலாம். அவராக ஏறினாலொழிய யாரும் அவரைக் காரில் ஏற்றக் கூடாது. மாசம் ஒரு தடவை மருதாள் போய்ப் பார்த்துக் கோர்ட்டுக்கு எழுத வேண்டும். 'புத்தி சுவாதீனம் இல்லாதவர்' என்று அடிக்க வேண்டிய இடம் ஒன்று அதிலும் வந்தது. அடிக்காமல் விட முடியாது, அடித்தாள்.

"அப்ப வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு கை வெச்சுட்டுப் போகச் சொல்லலாமுங்களா?" என்று அர்த்தநாரி தனியாக வந்து கேட்டார்.

"எங்கிட்டக் கேட்டா? அவருகிட்டக் கேளுங்க மொதலாளி. குடோன்ல வெச்சுக் கேளுங்க."

குடி போகிற அன்றைக்கு அண்ணனுக்கும் தம்பிக்கும் புதுப் போட்டி. சுண்ணாம்பு நான்தான் அடிப்பேன் என்று ஒருத்தர், கட்டில் நான்தான் வாங்குவேன் என்று ஒருத்தர். ரங்காத்தாள் ஒரு தூக்குப்போசி நிறையச் சோறும் குழம்பும் கொண்டுவந்தாள். வேலாத்தாள் எதிர்ச் சந்தில் இருந்து வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினாள். சாமான் எங்கே வைப்பது, சாமி படம் எந்தச் சுவரில் மாட்டுவது என்று எல்லாரும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். செங்கோட்டையன் நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியில் வந்த கட்டிலை இறக்க எல்லாரும் ஒரு நிமிசம் வாசலுக்கு வந்தார்கள்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

வாசலில் ரெண்டு முதலாளிகளும், ரங்காத்தாளும், வேலாத்தாளும், ஒரு கட்டிலும், மருதாளும்.

"என்னுங்க இது?" என்றார் சுப்பையன்.

"சாப்புடற நேரமுங்க. அவரு ஊடு, சாத்திக்கிட்டாரு" என்றாள் மருதாள்.

"இப்ப என்ன பண்றதுங்க அம்மிணி?" என்றார் அர்த்தநாரி.

"தட்டிப் பாருங்க மொதலாளி. தெறந்தா உள்ள போங்க. தெறக்கலீன்னா நாளைக்கு வாங்க."

அர்த்தநாரி பிறந்த ஊடு அது. அந்தக் கதவை அவர் ஒரு நாளும் தட்டியதில்லை, தள்ளிக்கொண்டுதான் போயிருக்கிறார். வேட்டியைச் சரி செய்துகொண்டார். தம்பியை ஒரு தடவை பார்த்தார். பிறகு விரலை மடக்கி மெதுவாகத் தட்டினார்.

உள்ளே சாப்பிடுகிற சத்தம் நின்றது.

"ஆருங்க?" என்றார் செங்கோட்டையன்.